இரண்டு சாவிப் பூட்டு

பள்ளிவாசல்துறை,
18 பெப்ரவரி 2013

அன்புத் தங்கச்சி நுஸ்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். உம்மாவின் முழங்காலைத் தவிர, அது உனக்குத் தெரிந்த கதை. டோஹாவில் நீயும் உன் மாப்பிள்ளை இன்ஷாப் தம்பியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

போன் எடுக்காமல் மெயில் எழுதுகிறேனே என்று யோசிப்பாய். நம் வீட்டில் போன் ஒன்று, காது ஆறு. நீ ஹலோ சொல்லுமுன் உம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லுவார். இது நீ ஆறுதலாக வாசிக்க வேண்டிய விஷயம்.

நமது கருவாட்டு இணையத்தளத்தை யாரோ நாசமாக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வாப்பா பள்ளிவாசல் தலைவரை வீட்டுக்குக் கூட்டி வந்து, "எங்கட புள்ள நடத்துற கடையப் பாருங்க, கண்டியில இருந்தெல்லாம் ஓடர் வருது" என்று பெருமையாகத் திறந்து காட்டினார். நெத்தலிப் படம் இருந்த இடத்தில் சூதாட்டப் பகடையும், அரைகுறை உடுப்போடு ஒரு பெண்ணும். வாப்பா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கொம்பியூட்டர் திரையை மூடினார். தலைவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். என்னோடு கருவாடு போடும் அல்பொன்சாவிடம் காட்டினேன். முதலில் சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாரூக் மவுத்தாகி நான் தனியாகிவிட்ட இந்த நாலு வருஷத்தில் நானாகத் தொடங்கிய ஒரே காரியம் இது. பதினொரு பெண்கள் சேர்ந்து கருவாடு போடுகிறோம். கற்பிட்டியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் லத்தீப் நானா அந்தத் தளத்தைச் செய்து தந்திராவிட்டால், இன்றைக்கும் லொறிக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்போம். அவரை உனக்கு ஞாபகமிருக்கும். தொண்ணூறில் விரட்டப்பட்டு, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு துணிப் பையோடு இங்கு வந்த குடும்பம்.

உன் வேலையே இந்த மாதிரித் தளங்களைப் பார்ப்பதுதானே. என்ன செய்யலாம் என்று எழுது. இன்ஷாப் தம்பிக்கு என் சலாம்.

ராத்தா,
சித்தி லெய்லா


டோஹா,
20 பெப்ரவரி 2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மெயிலுக்கும் ஊர்ப்பெயர், திகதி போடுகிற ஒரே ஆள் நீங்கள்தான். வாசித்து இவரும் நானும் சிரித்தோம், பிறகு நானும் போட்டுவிட்டேன். நாங்கள் சுகம். இங்கே குளிர் போய் மணல்காற்று தொடங்கிவிட்டது. உம்மாவை நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள், கேட்கமாட்டார் என்றாலும் சொல்லுங்கள்.

வாப்பாவின் தொப்பிக் கதைக்கு இவர் கதிரையிலிருந்து விழாத குறை. ஆனால் விஷயம் சிரிப்பில்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். வந்தவன் எதையும் உடைக்கவில்லை. டேட்டாபேஸ், அதுதான் உங்கள் பொருட்களும் ஓடர்களும் வாடிக்கையாளர் பெயர்களும் இருக்கிற அறை, அதற்குச் சரியான பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்துதான் உள்ளே வந்திருக்கிறான். கள்ளன் பூட்டை உடைத்தால் பூட்டை மாற்றலாம். சாவியோடு வந்தால் சாவி எங்கிருந்து போனது என்று முதலில் கேட்க வேண்டும்.

இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். தளம் கெட்டுக் கிடக்கிற கோலத்திலேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நல்ல நகலுக்குப் பிறகு வந்த ஓடர்கள் அதற்குள் இருக்கும், பழையதை மீட்கும்போது அவை அழிந்துவிடும். வெளி வாசல் பாஸ்வேர்டை நான் மாற்றிவிட்டேன், "திருத்த வேலை நடக்கிறது" என்று ஒரு பலகையும் போட்டுவிட்டேன். வாப்பா தைரியமாகத் திறக்கலாம்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். நல்ல நகல் யாரிடம் இருக்கிறது? டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் யார் யாருக்குத் தெரியும்? பாஸ்வேர்டை மெயிலில் எழுதிவிடாதீர்கள், ஆட்களின் பெயர் போதும்.

உங்கள் சுகத்துக்கு துஆவுடன்,
நுஸ்ரா


பள்ளிவாசல்துறை,
27 பெப்ரவரி 2013

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உம்மா எண்ணெய் தேய்க்கவில்லை. பிந்தி எழுதுவதற்குக் கோபிக்காதே. கீரி மீன் நல்ல மலிவு, மூன்று நாளாக எல்லோரும் மீன் காயப்போடும் வாடியில்தான். அல்பொன்சாவின் மகளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை வாங்குகிற நாள் வருகிறது, வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுக்க மதுரங்குளிக்குப் போய் வந்தோம். நல்ல துணி.

நீ கேட்ட நகல் லத்தீப் நானாவிடம் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்ததும் முதல் வேலையாக நம் டேட்டாபேஸிலிருந்து ஒரு நகல் எடுத்து, தளத்தின் கோப்புகளோடு சேர்த்து வைப்பார். இதுவரை ஒரு வெள்ளி தவறியதில்லை. நாங்கள் யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவுமில்லை.

நம் வாடிச் சாவியும் அவர் கடையில்தான் தொங்குகிறது. கடை, வாடிக்குத் திரும்பும் சந்தியில் இருப்பதால் யார் முதலில் போகிறார்களோ அவர்கள் எடுத்துப் போவோம். பூட்டிவிட்டுப் போகும்போது பார்த்தால், சாவி மாட்டும் ஆணியில் வேறு எதையும் மாட்டாமல் காலியாகவே வைத்திருப்பார். காற்று பலமாக இருந்தால், "பாய்களைச் சுருட்டி உள்ளுக்கு வெச்சீங்களா" என்று மட்டும் கேட்பார். அதற்கு மேல் கதை இல்லை.

கெட்டுப்போன நகலையும் நீ சொன்னபடி எடுத்து வைத்துவிட்டேன். வெங்காயம் இந்த முறை நல்ல விளைச்சல். இன்ஷாப் தம்பிக்கு அனுப்ப யாராவது டோஹா வருகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ராத்தா


டோஹா,
1 மார்ச் 2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறோம்.

கீரி மீன் கேட்டேனா? வெள்ளைத் துணி கேட்டேனா? யாருக்கெல்லாம் பாஸ்வேர்ட் தெரியும் என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு ஆணியைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள். ஆணி காலியாக இருப்பதை எத்தனை தரம் பார்த்தீர்கள் என்று கேட்டால் கோபிப்பீர்கள், ஆகவே கேட்கவில்லை.

பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் லத்தீப் நானாவுக்கும்தான் தெரியும், மூன்றாவது ஆள் நான். அவர் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கடைக் கொம்பியூட்டரில் ஒரு நாளைக்கு நூறு பேர் உட்காருகிறார்கள். எங்கேயிருந்து போனது என்று தெரியும்வரை அந்த பாஸ்வேர்டை மாற்றித்தான் ஆக வேண்டும். புதியதை யாரிடமும் சொல்லக்கூடாது, என்னிடமும்தான்.

எப்படி மாற்றுவது என்று கவனமாக வாசியுங்கள். தளத்துக்குள் கொன்ஃபிக் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. டேட்டாபேஸ் அறைக்குள் போக, தளம் எந்தப் பயனர் பெயரையும் எந்த பாஸ்வேர்டையும் காட்ட வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும். நகலிலிருந்து தளத்தை மீட்டால் அந்தக் கோப்பும் பழைய பாஸ்வேர்டோடுதான் திரும்பி வரும். அறையின் பூட்டு புதியது, கையிலிருக்கும் சாவி பழையது என்று ஆகிவிடும். அதனால் பழைய பயனரை முதலில் தொடவே தொடாதீர்கள். நீளமான பாஸ்வேர்டோடு புதிதாக ஒரு பயனரை உண்டாக்கி, இந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு நகலை மீட்டு, கொன்ஃபிக்கில் புதிய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதுங்கள். தளத்தைத் திறந்து, நீங்களே ஒரு ஓடர் போட்டுப் பாருங்கள். எல்லாம் சரியென்றால்தான் பழைய பயனரை அழிக்க வேண்டும். இடையில் எழுந்து போகாமல் ஒரே இருப்பில் செய்யுங்கள்.

லத்தீப் நானாவிடம் நகலை மட்டும் வாங்குங்கள். காரணம் சொல்லாதீர்கள்.

நுஸ்ரா


பள்ளிவாசல்துறை,
9 மார்ச் 2013, சனி

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். தளமும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். வாப்பா இன்று காலையில் மூன்று தரம் திறந்து பார்த்தார். மூன்று தரமும் நெத்தலிதான்.

ஆனால் உன் ராத்தா சும்மா செய்து முடித்தாள் என்று நினைக்காதே. நீ எழுதியதைத் தலைகீழாகச் செய்தேன். நகலைக் கேட்டு கற்பிட்டிக்குப் போனபோது, ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பென் ட்ரைவில் போட்டுக் கையில் தந்தார். கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். இந்த வேலையை யோசித்தால் செய்யமாட்டேன் என்று பயந்து, உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பழைய பயனரை அழித்தேன். பிறகு நகலை மீட்டேன். திறந்தால், வெள்ளைத் திரையில் "டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை" என்று ஒரு வரி. சூதாட்டக்காரியே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

கள்ளன் திரும்ப வந்துவிட்டான் என்று நினைத்தேன். உன் கடிதத்தை மறுபடி வாசித்த பிறகுதான், நகலோடு வந்த கொன்ஃபிக் நான் அழித்த ஆளின் பெயரையே சொல்லிக்கொண்டு கதவில் நிற்கிறது என்று விளங்கியது. புதிய பயனரை உண்டாக்கி, அந்தப் பெயரை எழுதினேன். ஒரு எழுத்தைத் தவறவிட்டு மறுபடி எழுதினேன். திறந்தது. அல்பொன்சா பெயரில் அரைக் கிலோ இறால் கருவாடு ஓடர் போட்டேன். கெட்ட நகலிலிருந்து கண்டிக்காரரின் ஓடரையும் இன்னொன்றையும் எடுத்து எழுதியாயிற்று.

நேற்று வெள்ளிக்கிழமை. அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

உம்மா கூப்பிடுகிறார்.

ராத்தா


டோஹா,
11 மார்ச் 2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாஷா அல்லாஹ்! என் கம்பனியில் படித்துவிட்டு வந்தவர்களும் முதல் தரம் அதே வெள்ளைத் திரையைப் பார்த்து அழுதவர்கள்தான். நீங்கள் அழாமல் வெளியே வந்துவிட்டீர்கள். இவர் உங்களுக்கு ஒரு பெரிய சலாம் சொல்லச் சொன்னார். இறால் கருவாடு அல்பொன்சாவுக்கா எங்களுக்கா என்றும் கேட்கச் சொன்னார்.

ஒரே ஒரு வேலை பாக்கி. இன்றைய நிலையில் புதிதாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். பழைய நகல்கள் எல்லாவற்றுக்குள்ளும் பழைய பாஸ்வேர்ட் கிடக்கிறது. நாளைக்கு யாராவது அவசரத்தில் அதில் ஒன்றை மீட்டால் அதே கூத்து மறுபடி நடக்கும்.

முன்பு "லத்தீப் நானா" என்று எழுதுவீர்கள். போன கடிதத்தில் "அவர்" ஆகிவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. பதில் எழுதுங்கள்.

நுஸ்ரா


டோஹா,
6 ஏப்ரல் 2013

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மார்ச் முழுக்க உங்கள் கடிதம் இல்லை. போன் எடுத்தால் உம்மா "லெய்லாவுக்கென்ன, சுகம்தான்" என்கிறார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பாரூக் மச்சானுக்குக் காய்ச்சல் என்று சொன்னபோதும் அதே குரல்தான். என்ன நடந்தது?

இதைக் கேட்பதற்கு முன் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சாவி எப்படிப் போனது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஜனவரியில் படங்களைத் திருத்தித் தருகிறேன் என்று உங்களிடம் தளத்தின் நகல் ஒன்று கேட்டேன். மெயிலில் அனுப்ப முடியாத அளவு பெரிதாக இருந்தது. "தளத்திலேயே ஒரு மூலையில் வையுங்க, நான் எடுத்துக்கிறேன்" என்று சொன்னேன். நீங்கள் வைத்தீர்கள், நான் எடுத்தேன். அதை அங்கேயிருந்து அகற்ற இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த மூலை உலகத்தில் யாரும் வந்து போகக்கூடிய மூலை. வருகைப் பதிவைப் பார்த்தேன், எங்கேயோ இருக்கிற ஒருவன் அந்த நகலை அப்படியே இறக்கிக்கொண்டு போயிருக்கிறான். உள்ளே கொன்ஃபிக், அதற்குள் பாஸ்வேர்ட். அடுத்த நாளே பகடை வந்துவிட்டது.

வாசல்படியில் சாவியை வைத்தவர்கள் நாமிருவரும்தான், ராத்தா. லத்தீப் நானாவுக்கும் அவர் கடைக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லாமல் மாற்றுங்கள் என்று நான்தான் எழுதினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கோப்பை அகற்றிவிட்டேன்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

நுஸ்ரா


பள்ளிவாசல்துறை,
8 ஏப்ரல் 2013

நுஸ்ரா,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு சுகம். மனதுக்கு இல்லை.

மார்ச் எட்டாம் திகதி ஜும்ஆவுக்குப் பிறகு அவர் வழக்கம்போல நகல் எடுக்கப் போயிருக்கிறார். டேட்டாபேஸ் கதவு திறக்கவில்லை. என்னிடம் கேட்கவில்லை. ஞாயிறு காலை அவருடைய ராத்தா வந்தார். உட்காரவில்லை. கைக்குட்டையில் சுற்றியதை உம்மாவின் கையில் வைத்து, "தம்பி தரச் சொன்னது" என்றார், போய்விட்டார். அவிழ்த்துப் பார்த்தால் வாடிச் சாவி.

வெளிநாட்டில் இருந்து நீ மறந்திருப்பாய். நம் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு பெரிய அவமானமோ, கேட்காமலே திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய வார்த்தை. என்னை நம்பவில்லை அல்லவா, சரி, இனி நமக்குள் போக்குவரத்து இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உம்மா அந்தச் சாவியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

உன்னிடம் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். டிசம்பரில் அதே ராத்தா வந்து உம்மாவிடம் தன் தம்பிக்கு என்னைப் பெண் பேசிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சக் காலம் வேண்டும் என்று சொன்னேன். விருப்பமில்லாமல் இல்லை. எருக்கலம்பிட்டியில் அவருடைய கூடப்பிறந்த நானா வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், யுத்தம் முடிந்து எல்லோரும் திரும்புகிறார்கள், இவரையும் வரச் சொல்லுகிறார்கள். நிக்காஹ் முடித்தால் நானும் போக வேண்டும். வாடி என்னாகும், பதினொரு பெண்கள் என்னாவார்கள் என்று யோசித்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருந்தேன். அவர் காத்திருந்தார். காத்திருந்த ஆளின் முகத்தில்தான் நான் கதவைச் சாத்தினேன்.

நேற்று அல்பொன்சா வந்து, "லத்தீப் கடையில சாமான் கட்டுறாராம், மன்னாருக்குப் போறாராமடி" என்றாள். அவளுக்கு முன்னால் ஒன்றும் காட்டவில்லை. அவள் போன பிறகு நெத்தலிக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

லெய்லா


டோஹா,
8 ஏப்ரல் 2013, இரவு

ராத்தா,

சலாம், சுகம், எல்லாம் பிறகு.

முதலில், இதில் பாதி என் குற்றம். அதை அவரிடம் என் பெயர் சொல்லியே சொல்லுங்கள். "நுஸ்ராதான் சந்தேகப்பட்டாள், நுஸ்ராதான் மூலையில் வைக்கச் சொன்னாள்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பழைய சாவியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பியதை மறுபடி கையில் திணித்தால் வாங்கமாட்டார், நானாக இருந்தாலும் வாங்கமாட்டேன். புதிய பாஸ்வேர்டையும் சொல்லிவிடாதீர்கள், பழைய பிழைக்கே போய்விடுவோம். இத்தனை காலமும் நம் பிழை என்ன தெரியுமா? மூன்று பேரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் போய்வந்ததுதான். ஒருவரிடமிருந்து எடுக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. டேட்டாபேஸில் ஆளுக்கொரு பயனர் வைக்கலாம். அவருக்கு அவர் பெயரில் ஒன்று உண்டாக்குங்கள். பாஸ்வேர்டை அவரே தட்டட்டும், நீங்கள் பார்க்க வேண்டாம். அது அவருடையது, உங்களுடையதை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும்.

மூன்றாவது, இதை யாரிடமும் சொல்லி அனுப்பாதீர்கள். எழுதியும் அனுப்பாதீர்கள். அல்பொன்சாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். சாமான் கட்டி முடியுமுன் போங்கள்.

உங்கள் நுஸ்ரா


பள்ளிவாசல்துறை,
29 ஏப்ரல் 2013

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லோரும் சுகம், உங்கள் சுகத்தையும் அறிய ஆவல்.

போனேன். போகிற வழியில் இரும்புக்கடையில் வாடிக்கு ஒரு புதிய பூட்டு வாங்கினேன். அதோடு இரண்டு சாவி வரும் என்று கடைக்காரர் சொன்ன பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. ஒன்றைக் கழற்றி என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டேன்.

கடையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆணி வெறுமையாக இருந்தது. அல்பொன்சா வாசலில் நின்று, யாரும் வராதபடி இஞ்சிச் சோடா விலையைப் பற்றிப் பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை பிடித்தாள். நான் ஜனவரி நகலிலிருந்து தொடங்கி, நீ சொன்னது, நான் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"சந்தேகம் எண்டா என்னட்டக் கேட்டிரிக்கலாமே" என்றார்.

"சந்தேகம் இல்ல" என்றேன். "கேட்டா கோவிச்சிட்டுப் போயிடுவீங்க எண்டு பயம்."

"கேக்காததாலதான் போறேன்."

கண் நிறைந்துவிட்டது. "நீங்க போறது எனக்குப் புடிக்கல்ல" என்று சொல்லிவிட்டேன். முப்பத்துமூன்று வயதில் ஒரு கடைக்குள் நின்று இப்படிச் சொல்லுவேன் என்று நான் நினைத்ததில்லை. வயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு அவர் பெயரில் பயனரை உண்டாக்கினேன். பாஸ்வேர்ட் தட்டச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். நீளமாகத்தான் தட்டினார், சத்தம் கேட்டது. புதிய பூட்டின் சாவியை மேசையில் வைத்தேன். "இது திருப்பித் தந்தது இல்ல. இது புதுசு, ஒண்டு என்னட்ட இருக்கு" என்றேன்.

அவர் அதை எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. "நானாட வீட்டு வேலைக்கு வாறேன் எண்டு வாக்குக் குடுத்துட்டேன், போகத்தான் வேணும்" என்றார். நான் வந்துவிட்டேன். மறுநாள் கடை பூட்டியிருந்தது. சாவி மேசையில் கிடக்கிறதா, எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் சொல்லிவிட்டேன், நுஸ்ரா. அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். போதவில்லை.

ராத்தா


பள்ளிவாசல்துறை,
28 ஜூன் 2013, வெள்ளி

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புக்கு முன் உம்மா டொக்டரிடம் போகச் சம்மதித்துவிட்டார், அதுவே பெரிய செய்தி. கச்சான் காற்றில் பெருங்கடலுக்குப் படகு போவதில்லை, களப்பு மீனை வைத்துச் சமாளிக்கிறோம்.

வருகைப் பதிவை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று நீ சொல்லித் தந்தாய் அல்லவா. இன்று பார்த்தேன். அவருடைய பயனர் பெயர் இருந்தது. ஜும்ஆ முடிந்த கையோடு உள்ளே வந்து, ஒரு நகல் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார், மன்னாரிலிருந்து. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். போன வெள்ளி இருக்கிறது. அதற்கு முந்திய வெள்ளி இருக்கிறது. மே மாதம் முழுக்க இருக்கிறது. ஒரு வெள்ளி தவறவில்லை.

வேறொன்றுமில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ராத்தா


பள்ளிவாசல்துறை,
11 ஓகஸ்ட் 2013

என் செல்லத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாரக். இங்கே எல்லோரும் நல்ல சுகம், உம்மாவின் முழங்கால் உட்பட. உங்கள் பெருநாள் எப்படிப் போனது, வட்டிலப்பம் சரியாக வந்ததா என்று எழுது.

இனி என் கதை. பெருநாளுக்கு வாடி பூட்டியிருந்தது. நேற்றுக் காலையில் கொஞ்சம் மீன் வந்திருக்கிறது என்று அல்பொன்சா சொல்லி அனுப்பினாள். சாவியைத் தலைப்பில் முடிந்துகொண்டு நான் மட்டும் முதலில் போனேன். போனால் வாடிக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. என் உயிர் போய்விட்டது. மறுபடியும் கள்ளன் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடிப்போய்ப் பூட்டைத் தூக்கிப் பார்த்தேன். உடைத்திருக்கவில்லை, சாவி போட்டுத் திறந்திருந்தது.

அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிதான், நுஸ்ரா. ஒன்று என் தலைப்பில் இருந்தது.

உள்ளே அவர் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். பெருநாள் சட்டையின் கையை மடித்துவிட்டு, மீன் மணத்துக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு. "காத்து கொறஞ்சிரிக்கு, இண்டைக்குக் காயப் போடலாம்" என்றார். நாலு மாதம் கழித்துச் சொன்ன முதல் வார்த்தை அது. "வீட்டு வேல முடிஞ்சுதா" என்று கேட்டேன். "நானாட வீடு முடிஞ்சுது. எனக்கு அங்க வீடு வேணாம் எண்டு செல்லிட்டு வந்தேன். நாளைக்குக் கடையத் தொறக்கிறேன்" என்றார். நான் பாயின் மறுபக்கத்தைப் பிடித்து விரித்தேன். அதற்கு மேல் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன், மீன் கெட்டிருக்கும்.

பின்னேரம் அவருடைய ராத்தாவும் நானாவும் வந்தார்கள். இந்தத் தடவை உட்கார்ந்தார்கள். வாப்பா என்னைக் கூப்பிட்டு, "மகள், என்ன செல்ல?" என்று கேட்டார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கிள்ளினார். "ஓம் எண்டு செல்லுங்க வாப்பா" என்றேன். இன்னும் கொஞ்சக் காலம் வேண்டும் என்று சொல்லிவிடுவேனோ என்று எல்லோரும் பயந்திருக்கிறார்கள், உம்மா விட்ட பெருமூச்சு வெளியே கேட்டது.

நிக்காஹ் ஒக்டோபரில். இன்றே லீவு கேள், இன்ஷாப் தம்பிக்கும் சேர்த்து. தம்பிக்கு இறால் கருவாடு எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை கற்பிட்டிப் பக்கம் போன அல்பொன்சா, கடை திறந்திருக்கிறது என்று வந்து சொன்னாள். வாடிச் சாவி பழைய ஆணியில் இல்லையாம். அவருடைய கடைச் சாவி, வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் வைத்திருக்கிறாராம்.

அன்புடன்,
உன் ராத்தா